புஷ்பமேரியின் நன்றியுரை

நிறுவனர் நாள் விழாவில் நன்றியுரை சொல்லப் போவது புஷ்பமேரி என்று பிரின்சிபால் அறிவித்த அதே நாளில்தான், அவளுக்கு ஒரு கையெழுத்துக்கூடப் போட்டுத் தர முடியாது என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே அறையில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே குரலில் சொன்னார்.

அது 1962. திண்டுக்கல்லிலிருந்து வத்தலகுண்டு போகும் சாலையில் இருந்த பெத்தானியா மகளிர் கல்லூரியை ஊரில் வெள்ளைக்காரம்மா காலேஜ் என்றுதான் சொல்வார்கள். ஆனால் வெள்ளைக்காரம்மா யாரும் இப்போது அங்கே இல்லை. கடைசியாக இருந்தவரும் கப்பலேறிப் போய்விட்டார். அவர் இடத்துக்குப் பிரின்சிபாலாக வந்தவர் டாக்டர் கிரேஸ் ஞானாபரணம். திருநெல்வேலிப் பக்கம் பெரிய கிறிஸ்தவக் குடும்பம். வெளிநாட்டில் பட்டம் வாங்கியவர். கல்லூரிக்காகவே கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். கெட்டவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. கல்லூரி நொடித்துப் போய்விடக் கூடாதே என்ற கவலை அவரை அரித்துக்கொண்டே இருந்தது. மிஷன் பணம் வருஷா வருஷம் குறைந்தது. அரசாங்க மானியத்துக்கு ஆயிரம் நிபந்தனை. மதுரைக் கல்லூரிகளோ நல்ல மார்க்கு வாங்கும் பெண்களையெல்லாம் இழுத்துக்கொண்டன. எதையாவது வெட்டியாக வேண்டும் என்ற நிலை வந்தபோது அவர் முதலில் வெட்டியது ஏழைப் பெண்களின் கட்டணச் சலுகையை. ஜெபாலயத்துக்குப் புதிதாக வந்து இறங்கிய ஆர்கன் வாத்தியத்தின் செலவில் மட்டும் அவர் கை வைக்கவில்லை.

புஷ்பமேரி பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு. பேகம்பூருக்குப் பின்னால் தோல் பதனிடும் ஷாப் தொழிலாளர்கள் குடியிருந்த காலனிதான் அவள் வீடு. தாய் ராமுத்தாய் மிஷன் ஆஸ்பத்திரியில் கிடந்து சாவதற்கு முன் ஞானஸ்நானம் எடுத்தவள். மகளின் பேரோடு மேரி என்று சேர்த்தது அவள்தான். தகப்பன் கண்ணுசாமியும் பிறகு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். ஆனால் பேரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

சலுகை நின்றதும் புஷ்பமேரி தாலுகா ஆபீசுக்குப் போனாள். ஹரிஜன மாணவர்களுக்கு அரசாங்கம் படிப்புச் செலவு முழுவதையும் கொடுத்தது. அங்கிருந்த குமாஸ்தா அவளுடைய பேரைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"கிறிஸ்தவங்களுக்கு இது கிடையாதும்மா. மதம் மாறிட்டா சாதி போயிருச்சுன்னு சர்க்கார் கணக்கு. வேற சலுகை ஒண்ணு இருக்கு, ஆனா அது உங்க ஹாஸ்டல் சாப்பாட்டுக்கே காணாது."

"சாதி போகலையே சார். நான் இருக்கிறது அதே காலனிதான். எங்கப்பா பாக்குறது அதே வேலைதான்."

குமாஸ்தா பேனாவைத் திரும்ப எடுத்தார். நல்ல மனுஷன்தான். "ரெண்டு வழி சொல்றேன். பேருல இருக்கிற மேரிய எடுத்துரு. புஷ்பம்னு மட்டும் எழுது, மதம் இந்துன்னு போடு. உங்கப்பா பேரும் கண்ணுசாமி. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அது வேணாம்னா, உங்க பிரின்சிபால்கிட்ட ஒரு வரி எழுதி வாங்கிட்டு வா. இந்தப் பொண்ணு கிறிஸ்தவம்தான், ஆனா நடப்புல இன்னமும் அதே சமூகமாத்தான் நடத்தப்படுறான்னு. மேல அனுப்பிப் பாக்கலாம்."

செத்துப்போன அம்மா வைத்த பேரில் பாதியை வெட்டிப் போட அவளுக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் பிரின்சிபால் அறைக்குப் போனாள்.

டாக்டர் கிரேஸ் ஞானாபரணம் விண்ணப்பத்தை முழுவதும் வாசித்துவிட்டு மெதுவாக மடித்து அவளிடமே நீட்டினார்.

"கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை, புஷ்பமேரி. இந்தக் கல்லூரி அந்த விசுவாசத்தின் மேல் கட்டப்பட்டது. சாதி இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க முடியுமா?"

புஷ்பமேரிக்கு ஜெபாலயம் நினைவுக்கு வந்தது. அங்கே காலனிப் பெண்கள் உட்காரும் இடம் வலப்பக்கம், வாசலுக்குப் பக்கத்தில் இருந்த கடைசி இரண்டு பெஞ்சு. அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. முதல் வருஷம் தெரியாமல் முன்னால் போய் உட்கார்ந்தவளை விடுதிக் காப்பாளர் தோளைத் தொட்டு, "உங்க இடம் அங்க" என்று காட்டினார், அவ்வளவுதான். திருவிருந்தில் திராட்சரசம் தரும் கிண்ணம் எல்லா உதடுகளையும் தொட்டு முடித்த பிறகுதான் அந்தப் பெஞ்சுகளுக்கு வரும். இதெல்லாம் இந்த அம்மாவின் கண் முன்னாலேயே ஒவ்வொரு ஞாயிறும் நடந்தது.

"ஆனால் உன்னை நாங்கள் கைவிட மாட்டோம்" என்று பிரின்சிபால் மேசை இழுப்பறையிலிருந்து டைப் அடித்த இரண்டு தாள்களை எடுத்தார். "நமக்குப் பணம் அனுப்பும் மிஷன் போர்டின் செயலாளர் டாக்டர் ஹார்ப்பர் வெளிநாட்டிலிருந்து விழாவுக்கு வருகிறார். அவர் மனம் வைத்தால் கட்டணச் சலுகை மறுபடியும் வரும். நன்றியுரை நீதான் சொல்கிறாய். இதை மனப்பாடம் செய்துகொள். உங்கள் குடும்பத்தாரையும் வரச் சொல்."

விடுதிக்குப் போகும் வழியில் வேப்பமரத்தடியில் நின்று அந்த இங்கிலீஷ் பேச்சை வாசித்தாள். இருளில் கிடந்தாளாம். கையலம்பக்கூடத் தெரியாத குடிசையிலிருந்து வந்தாளாம். எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தவள், இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியில் நின்றுவிட்டாள். என் தகப்பன் கூலியை எல்லாம் குடித்துத் தீர்ப்பவர் என்று இருந்தது அந்த வரி.

திரும்பி வேகமாகப் போய் அறைக் கதவைத் தட்டினாள்.

"மேடம், எங்கப்பா குடிக்க மாட்டாரு. இந்த வரிய மட்டும் எடுத்துருங்க."

பிரின்சிபால் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. வேலை நேரத்தில் தொந்தரவு செய்கிறாளே என்ற அலுப்புத்தான் இருந்தது.

"அது உன் தகப்பனைப் பற்றி மட்டும் சொன்னது இல்லை. பொதுவான ஒரு சித்திரம். கேட்பவர்களின் மனதைத் தொட வேண்டும் அல்லவா?"

"அவரு அன்னைக்கு அங்க உக்காந்திருப்பாரு மேடம்."

"அதனால் என்ன? அவருக்கு இங்கிலீஷ் தெரியாதே."

சரி மேடம் என்று சொன்னாளா, சொல்லாமல் வந்தாளா என்பதே புஷ்பமேரிக்குப் பிறகு நினைவில்லை.

சனிக்கிழமை வீட்டுக்குப் போனாள். கண்ணுசாமி அப்போதுதான் வேலை முடிந்து வந்து வாசலில் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். சுண்ணாம்புக் குழியில் தோலை முக்கி முக்கி எடுத்து அவருடைய விரல் நுனிகளில் தோலே தங்குவதில்லை. எவ்வளவு கழுவினாலும் ஆவாரம்பட்டைக் கறை போகாது. விரலில் எலுமிச்சம்பழம் பட்டால் எரியும் என்று ஊறுகாயைத் தொடவே மாட்டார். சாராயக்கடைப் பக்கம் அவர் தலையைத் திருப்பிப் பார்த்ததையும் யாரும் கண்டதில்லை.

"தாயி, இதப் பாரு" என்று உள்ளே போய் ஒரு பொட்டலத்தை எடுத்துவந்தார். சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை. கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி. "நம்ம காலனியில எந்தப் புள்ள மேடையேறிப் பேசியிருக்கு? எல்லாரும் வாறோம். நம்ம மலைச்சாமி, பேச்சாயி எல்லாருமே. நீ என்ன பேசப் போற?"

"நன்றி சொல்லணும்ப்பா."

"சொல்லு, சொல்லு. படிக்க வச்சாங்கல்ல. எங்களப் பத்தியும் ஏதும் வருதா?"

அவள் சேலையைப் பிரித்துப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டாள். "வருதுப்பா" என்றாள்.

தன்னைப் பற்றி என்ன எழுதியிருந்தாலும் வாசித்துத் தொலைத்திருப்பாள். இந்த மனுஷனைக் குடிகாரன் என்று, அவர் முகத்துக்கு நேராகவே, அவருக்குப் புரியாத பாஷையில் சொல்லச் சொல்கிறார்கள். அவரும் புரியாமல் கை தட்டுவார். அந்தக் கைதட்டலை நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு பற்றியெரிந்தது.

திங்கட்கிழமை வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நசீம் பானுவிடம் அந்தத் தாள்களைக் கொடுத்தாள். நசீம், தோல் ஷாப் முதலாளி ரஹ்மத்துல்லாவின் மகள். அந்த ஷாப்பில்தான் கண்ணுசாமி வேலை பார்த்தார். திரை கட்டிய குதிரை வண்டியில் தினமும் வந்து போவாள். பேகம்பூரிலிருந்து காலேஜுக்கு வந்த முதல் முஸ்லிம் பெண் அவள். அதனாலேயே மிகவும் அடக்கமாக இருக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நசீம் வாசித்து முடித்தாள். "கண்ணுசாமியண்ணனா குடிக்கிறாரு? எங்க அத்தா சரக்குக் கிட்டங்கிச் சாவியவே அவருகிட்டதான் குடுத்துட்டுப் போவாரு."

"தெரியும்ல."

"நீ இத வாசிக்கப் போறியா?"

"வாசிக்கல."

"பின்ன என்ன செய்யப் போற?"

"தமிழ்ல பேசப் போறேன். எங்கப்பாவுக்குப் புரியணும்."

நசீம் தாள்களை மடித்துக் கொடுத்துவிட்டு, "முன் வரிசையில எடம் பிடிச்சு உக்காருவேன்" என்று மட்டும் சொன்னாள்.

விழா அன்று காலையில் விடுதிக் காப்பாளர் ஓடிவந்தார். சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு புஷ்பமேரி தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"பிரின்சிபால் பாத்துட்டாங்க. புதுச் சேலை வேணாமாம். பழைய வெள்ளைச் சேலை வச்சிருப்பியே, அதைக் கட்டிக்கோ. வர்றவங்க பாத்ததும் புரியணும்ல."

"என்ன புரியணும் மிஸ்?"

புஷ்பமேரி வாரிய தலையைப் பின்னலிட்டு முடித்துவிட்டு அந்தச் சேலையோடேயே மண்டபத்துக்குப் போனாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் ரோஜா மாலையோடு டாக்டர் ஹார்ப்பர். பக்கத்தில் பிரின்சிபால், போதகர், ஆட்சிக் குழுவினர். மிஷன் பத்திரிகைக்குப் படம் எடுக்க வந்த புகைப்படக்காரர் ஒருவர் காமிரா முக்காலியை நட்டுவைத்து நின்றார். காலனிக்காரர்களைப் பின்னால், தூணுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்காரவைத்திருந்தார்கள். நாற்காலி போதவில்லையாம். கண்ணுசாமி வெளுத்த வேட்டியோடு கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புஷ்பமேரியின் பேரைக் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கி முன்னால் வந்து நின்றாள். கையில் தாள் இல்லை.

"எல்லாருக்கும் வணக்கம்" என்று தமிழில் ஆரம்பித்தாள். பிரின்சிபாலின் புருவம் சுருங்கியது. "நான் தமிழ்லயே பேசுறேன். எங்கப்பாவும் எங்க காலனிக்காரங்களும் வந்திருக்காங்க. அவங்களுக்கும் விளங்கணும்."

பிரின்சிபால் துணைப் பிரின்சிபால் மிஸ் ரூபாவதிக்குக் கண் காட்டினார். மிஸ் ரூபாவதி எழுந்து வந்து டாக்டர் ஹார்ப்பருக்கு மொழிபெயர்க்கப் பக்கத்தில் நின்றார்.

"எங்கப்பா பேரு கண்ணுசாமி. அதோ, தூணுக்குப் பின்னால தரையில உக்காந்திருக்காரு. தோல் ஷாப்ல வேலை பாக்குறாரு. என்கிட்ட எழுதிக் குடுத்த பேச்சுல அவரு குடிகாரருன்னு எழுதியிருக்கு. எங்கப்பா ஒரு நாள்கூடக் குடிச்சதில்ல. அதனால அந்தப் பேச்ச நான் வாசிக்கல."

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. மிஸ் ரூபாவதியின் கண்கள் பிரின்சிபாலிடம் போய்த் திரும்பின. பிறகு இங்கிலீஷில் சொன்னார்: தன் தகப்பனார் இங்கே வந்திருப்பதில் தனக்கு மிகுந்த மகிழ்ச்சி என்றும், கல்லூரிக்குத் தன் குடும்பம் என்றென்றும் நன்றிக்கடன் பட்டிருக்கிறது என்றும் சொல்கிறாள்.

டாக்டர் ஹார்ப்பர் புன்னகையோடு தலையாட்டினார்.

அப்போது முன் வரிசையில் நசீம் பானு எழுந்து நின்றாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். அவளுடைய இங்கிலீஷ் மண்டபத்தின் கடைசி வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

"ஐயா, அவள் சொன்னது அது அல்ல. தன் தகப்பன் குடிகாரர் என்று பொய் எழுதிக் கொடுத்தார்கள், அதை வாசிக்க மாட்டேன் என்கிறாள்."

பிரின்சிபால் கையை உயர்த்தினார். "உட்கார்."

நசீம் உட்காரவில்லை. புஷ்பமேரி ஒரு தடவை அவளைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். அதற்குப் பிறகு அவள் தமிழில் சொல்லச் சொல்ல, நசீம் நின்ற இடத்திலிருந்தே இங்கிலீஷில் சொன்னாள்.

"எனக்குப் படிப்புச் செலவுக்கு அரசாங்கம் உதவி செய்யணும்னா, நான் என்ன சாதியா நடத்தப்படுறேன்னு காலேஜ் ஒரு வரி எழுதிக் குடுக்கணும். கிறிஸ்தவத்துல சாதி இல்லைன்னு மேடம் அத எழுத மாட்டேன்னுட்டாங்க. ஆனா இதே காலேஜ்ல, ஜெபாலயத்துல, எங்களுக்குன்னு கடைசியில பெஞ்சு இருக்கு. திருவிருந்துக் கிண்ணம் எல்லாரும் குடிச்ச பிறகுதான் எங்ககிட்ட வரும். கோயிலுக்குள்ள எனக்குச் சாதி இருக்கு. தாலுகா ஆபீசுல எனக்குச் சாதி இல்ல. ரெண்டுல ஒண்ணுதான் நெசமா இருக்க முடியும். எது நெசம்னு மேடம் சொல்லட்டும். சாதி இல்லைன்னா பெஞ்ச மாத்துங்க. இருக்குன்னா எழுதிக் குடுங்க. ரெண்டும் செய்யாம, என்னைய மட்டும் பழைய சேலையக் கட்டச் சொல்லி இங்க நிறுத்துறது எதுக்கு?"

பிரின்சிபால் பாடகர் குழுவைப் பார்த்துச் சைகை காட்டினார். பெண்கள் எழுந்து கீர்த்தனையைத் தொடங்கினார்கள். எழுந்தவர்களில் பாதிப் பேர் வாயைத் திறக்கவில்லை. மெலிந்த அந்தப் பாட்டுக்கு நடுவே புஷ்பமேரி ஒலிபெருக்கியை விட்டு விலகி, மேடையிலிருந்து இறங்கி, நேராகத் தூணுக்குப் பின்னால் போய் அப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

கண்ணுசாமி முன்னாலேயே பார்த்தபடி இருந்தார். பாட்டு முடிந்ததும், "இங்கிலீசுல இருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுல்ல" என்றார்.

"ஆமாப்பா."

"நானும் கை தட்டியிருப்பேன்."

அவருக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை டாக்டர் ஹார்ப்பர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். கேட்டதெல்லாம் தன்னை மிகவும் வருத்தியது என்றார். ஆனால் காலம் மாறிவிட்டது, இப்போது இது இந்தியத் திருச்சபையின் காரியம், வெளியிலிருந்து தலையிடுவது முறையாக இருக்காது, உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்றார்.

"எங்கள் படம் உங்களுக்கு வேண்டியபோது நீங்கள் வெளியாளாக இல்லையே, ஐயா" என்று புஷ்பமேரி இங்கிலீஷில் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மத்தியானம் கார் ஏறி மதுரைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து எந்தத் தகவலும் வரவில்லை.

ஆட்சிக் குழு கூடி, ஒழுங்கு மீறலுக்காக அவளை விடுதியிலிருந்து நீக்கியது. கல்லூரியை விட்டே அனுப்பினால் பத்திரிகையில் வந்துவிடும் என்று ஒருவர் பயந்ததால் வகுப்புக்கு மட்டும் வரலாம் என்று விட்டார்கள். நசீமின் தகப்பனாருக்கு ஆள் அனுப்பினார்கள்.

ரஹ்மத்துல்லா வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக வந்து பிரின்சிபால் முன்னால் உட்கார்ந்தார். இரண்டு பெண்களும் சுவரோரம் நின்றார்கள்.

"உங்கள் மகள் விருந்தாளி முன்னால் இந்தக் கல்லூரியை அவமானப்படுத்திவிட்டாள். மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள்."

"எம்புள்ள சொன்னதுல ஏதும் பொய் இருக்குங்களாம்மா?"

"அது கேள்வி இல்லை. இது கிறிஸ்தவக் கல்லூரி. இதன் காரியங்களில் அவள் ஏன் தலையிட வேண்டும்?"

"நாங்க பொம்பளப் புள்ளைய வெளிய அனுப்பினதே இது கிறிஸ்தவக் காலேஜுன்னுதானுங்கம்மா. வேதம் வச்சிருக்கிறவங்க, பொய் சொல்ல மாட்டாங்க, நம்ம புள்ள பத்திரமா இருக்கும்னு எங்க தெருவுல அத்தனை பேருகிட்டயும் சண்டை போட்டு அனுப்பினேன். இன்னும் அஞ்சாறு வீட்டுல அடுத்த வருஷம் அனுப்பலாமான்னு என்னையப் பாத்துட்டு இருக்காங்க. நான் போயி அவங்ககிட்ட என்னன்னு சொல்லட்டும்?"

கல்லூரிக்குப் பிள்ளைகள் வேண்டும் என்று அல்லும் பகலும் கவலைப்பட்டவர் பிரின்சிபால். வாசலில் வந்து நின்ற பிள்ளைகள் கண்ணில் படாமல் போனதை அந்த நிமிஷம் அவர் உணர்ந்திருக்கலாம். உணர்ந்தாலும் சொல்லவில்லை. மன்னிப்புக் கடிதம் வந்தாக வேண்டும் என்று மட்டும் சொல்லி எழுந்துவிட்டார். அந்தக் கடிதத்தை நசீம் கடைசி வரை எழுதவில்லை.

வெளியே குதிரை வண்டிக்குப் பக்கத்தில் ரஹ்மத்துல்லா நின்றார். "புள்ள, நீ ஒண்ணும் கவலைப்படாத. உன் படிப்புச் செலவு என் பொறுப்பு. உங்கப்பன் எனக்கு வேண்டியவன்."

அது நல்ல மனசோடு சொன்ன சொல்தான். ஆனால் அன்று புஷ்பமேரியால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. வாங்கினால் இன்னொரு மேடை, இன்னொரு நன்றி.

"வேணாங்க மொதலாளி. எங்கப்பா கையப் பாத்திருக்கீங்களா? அந்தக் கையோட ஊறுகாகூடத் தொட மாட்டாரு. அவருக்கும் கூட வேலை பாக்குறவங்களுக்கும் கூலியக் கூட்டிக் குடுங்க. என் பீச எங்கப்பாவே கட்டிருவாரு."

ரஹ்மத்துல்லாவின் முகம் கறுத்தது. "என்ன பேச்சுப் பேசுறா இவ" என்று மகளைப் பார்த்துச் சொன்னார்.

"நெசத்தத்தான அத்தா பேசுறா" என்றாள் நசீம். "அந்தம்மாகிட்ட நீங்க கேட்டது மாதிரியேதான் கேக்குறா."

அவர் வண்டியில் ஏறினார். அடுத்து வந்த நாட்களில் வீட்டில் தகப்பனும் மகளும் என்ன பேசினார்களோ யாருக்கும் தெரியாது. காலனியில் மலைச்சாமியும் கண்ணுசாமியும் மற்றவர்களும் சேர்ந்து முதலாளியிடம் போய்க் கேட்டார்கள். முதல் தடவை முடியாது என்றார். மறு தடவை யோசிப்போம் என்றார். ஆவணி பிறந்தபோது கூலி கூடியது. சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவர்களுக்குப் போட்டுக்கொள்ள ரப்பர் கையுறையும் வந்தது. அதைப் பற்றி அவர் புஷ்பமேரியிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவளும் நன்றி சொல்லவில்லை. தினமும் காலையில் குதிரை வண்டி காலனி முனையில் ஒரு நிமிஷம் நிற்கும். நசீம் திரையை விலக்கி, "ஏறு" என்பாள். அதை மட்டும் அவள் ஏற்றுக்கொண்டாள்.

அந்த வருஷக் கடைசியில் பிரின்சிபால் சென்னையில் ஒரு மாநாட்டுக்குப் போனார். பொறுப்பில் இருந்த மிஸ் ரூபாவதி புஷ்பமேரியை அறைக்குக் கூப்பிட்டார். விழாவுக்குப் பிறகு அவர் அவளை நேருக்கு நேர் பார்த்ததே இல்லை.

"அந்த விண்ணப்பம் வச்சிருக்கியா?"

புஷ்பமேரி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மடிப்பெல்லாம் நைந்திருந்தது. மிஸ் ரூபாவதி தாலுகா குமாஸ்தா கேட்ட அந்த ஒரு வரியை எழுதினார். அதற்குக் கீழே, ஜெபாலயத்தில் இவர்களுக்குத் தனி இருக்கை உள்ளது என்பதையும் யாரும் கேட்காமலே சேர்த்து எழுதினார். கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

"மேடம் வந்தா உங்களுக்குத்தான மிஸ் கஷ்டம்" என்றாள் புஷ்பமேரி.

"வரட்டும்" என்றார் அவர். "அன்னைக்கு நான் சொன்ன இங்கிலீஷ் இன்னும் என் வாயில கசக்குது."

அந்த விண்ணப்பம் தாலுகாவிலிருந்து கலெக்டர் ஆபீசுக்கும், அங்கிருந்து சென்னைக்கும் போனது. பல மாதம் கழித்து, விதிகளில் இடமில்லை என்று இரண்டு வரிப் பதில் வந்தது. அரசாங்கம் மாறவில்லை. ஆனால் கல்லூரியின் முத்திரை போட்ட ஒரு தாள், அந்தக் கல்லூரிக் கோயிலில் சாதி பார்த்து உட்கார வைக்கிறார்கள் என்று ஆபீஸ் ஆபீசாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மானியம் வழங்கும் அதிகாரி ஒருவர் அதைப் படித்துவிட்டு விளக்கம் கேட்டார். விசுவாசத்துக்கு அசையாத ஆட்சிக் குழு, மானியம் என்றதும் அசைந்தது. ஒரு சனிக்கிழமை ஆட்கள் வந்து ஜெபாலயப் பெஞ்சுகளை எல்லாம் எடுத்து வரிசை மாற்றிப் போட்டார்கள். இனி வந்தவர் வந்தபடி உட்காரலாம் என்று அறிவிப்பு வந்தது. ஏன் என்று அறிவிப்பில் சொல்லவில்லை. இத்தனை வருஷம் நடந்ததற்கு வருத்தம் என்றும் ஒரு சொல் இல்லை.

அடுத்த ஞாயிறு புஷ்பமேரி அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஆராதனைக்குப் போனாள். முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். அதே பெஞ்சில் முன்பே உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் எழுந்து வேறு இடத்துக்குப் போனது. விடுதிப் பெண்கள் இருவர், அன்று பாடகர் குழுவில் வாயைத் திறக்காமல் நின்றவர்கள், வந்து அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தார்கள். கண்ணுசாமி முழங்கால்மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை மறைத்துக்கொள்ளவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது மிஸ் ரூபாவதி பக்கத்தில் வந்தார். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டதற்காகத் துணைப் பிரின்சிபால் பதவி போய், அவர் இப்போது வெறும் விரிவுரையாளர்தான்.

"பெஞ்ச மாத்திட்டாங்க. உங்கப்பாவும் முன்னால வந்து உக்காந்துட்டாரு. இப்பவாவது உன் கோபம் கொஞ்சம் தீந்துச்சா?"

புஷ்பமேரி நின்றாள். எழுந்துபோன அந்தக் குடும்பம் வாசலில் பிரின்சிபாலோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் சாணார்பட்டிப் பக்கமிருந்து நாலைந்து காலனிப் பெண்கள் சேர வரப்போவதாக அப்பா சொல்லியிருந்தார். அவர்களுக்குச் சலுகை இல்லை, விடுதியில் இடமும் இல்லை என்று இப்போதே சொல்லியாகிவிட்டதாம்.

"இல்லைங்க மிஸ்" என்றாள். "ஜூன்ல சேர வர்ற காலனிப் பொண்ணுங்களுக்கு இடமில்லைன்னு சொல்லியாச்சு. அதுக்குள்ள அது ஏன் தீரணும்?"

மிஸ் ரூபாவதி அவளோடு கூடவே நடந்தார். "அந்தப் பொண்ணுங்க பேரு எல்லாம் என்கிட்ட சொல்லு" என்றார். கண்ணுசாமியும் சேர மூன்று பேரும் அந்தப் பெண்களுக்கு இடம் கேட்கப் பிரின்சிபால் நின்ற பக்கமாகவே நடந்தார்கள்.